நம்ம மலை ஓடையில் ட்ரவுட் விட வேண்டாம்

"வால்பாறை ஓடைகளில் ட்ரவுட் மீன் குஞ்சு விட்டால் என்ன? ஃப்ளை ஃபிஷிங் பண்ண வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள், தங்கும் விடுதிகளுக்கு வியாபாரம் ஆகும்." எங்கள் நண்பர்கள் வட்டத்தில் இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று. ஃப்ளை ஃபிஷிங் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் நரம்பே பருமனாக, எடையோடு இருக்கும். முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பூச்சிக்கு எடையே கிடையாது. அந்த நரம்பைக் காற்றில் முன்னும் பின்னும் வீசித்தான் பூச்சியைத் தண்ணீர்மேல் இறக்க வேண்டும். எந்தப் பூச்சி எந்த மாதத்தில் பறக்கிறது, மீன் நீரோட்டத்தின் எந்த ஓரத்தில் நின்று தின்கிறது என்று தெரியாமல் இதைச் செய்ய முடியாது. ஓடையைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கான வேலை. இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சால்மன் மீனுக்குக் கட்டிய அழகான பூச்சிகள் பலவற்றில் இருந்தது நம்ம ஊர்க் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. மெழுகு சொட்டிய மாதிரி புள்ளி இருக்குமே, அதுதான். அந்த இறகுக்காக எத்தனை சேவல்கள் செத்திருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, ட்ரவுட்டுக்கு வருவோம்.

ரெயின்போ ட்ரவுட் வட அமெரிக்காவின் மேற்குக் கரையோர ஆறுகளுக்கும் ரஷ்யாவின் கம்சாட்கா பக்கத்துக்கும் சொந்தமான மீன். குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த தண்ணீர் வேண்டும். 20 டிகிரியைத் தாண்டினாலே திணற ஆரம்பிக்கும். நீலகிரிக்கு அதைக் கொண்டுவந்து சேர்க்க வெள்ளைக்காரர்கள் 1860களிலிருந்தே முயன்றார்கள். எச்.சி. வில்சன் என்ற மீன்வள அதிகாரி காலத்தில், 1907 வாக்கில், அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்த பிறகுதான் அது நிலைத்தது. மூணாறு உச்சியில் இரவிகுளம் பக்கத்து ஓடைகளுக்கும் தோட்டத் துரைமார்கள் கொண்டுபோனார்கள். அந்த மீன் அங்கே நூறு வருடமாக இருக்கிறது என்பதாலேயே அந்த மலைக்குச் சொந்தமாகிவிடாது.

நமக்குச் சொந்தமான மீன் எது? இரவிகுளம் மலைகளில் பிறந்து கிழக்கே இறங்கும் பாம்பாறு, மறையூர் தாண்டி, தூவானம் அருவியாக விழுந்து, கூட்டாற்றில் சின்னாறோடு சேர்ந்து, அமராவதி அணைக்கு வருகிறது. உடுமலை, தாராபுரம், கரூர்க்காரர்கள் குடிக்கிற தண்ணீர் அது. அந்தப் பாம்பாற்றில் பிடித்த சின்ன மீன்களை வைத்துத்தான் டோர் ரேமாதேவி என்ற மகசீர் (பெரிய செதில் உள்ள ஆற்று மீன்) இனத்துக்குப் பெயர் வைத்தார்கள். இந்திய விலங்கியல் அளவைத் துறையின் விஞ்ஞானி ரேமா தேவியைச் சிறப்பிக்க வைத்த பெயர். காவிரியில் தூண்டில்காரர்கள் நூறாண்டுக்கும் மேலாகக் கொண்டாடிய ராட்சதக் கூன்முதுகு மகசீரும் இதே இனம்தான் என்று 2018இல் ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தினார்கள். 1946இல் கபினியில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. அவ்வளவு பெரிய மீனுக்கு 2018 வரை அறிவியல் பெயர் சரியாகத் தெரியாமல் இருந்தது. பெயர் உறுதியான அதே வருடம், அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்களின் பட்டியலிலும் சேர்த்தாகிவிட்டது. காவிரிப் படுகையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இந்த மீன் கிடையாது. இன்றைக்கு நம்பிக்கை தருகிற முக்கியமான இடம் மாயாறு. தெங்குமரகடா வழியாகப் பவானிசாகருக்கு வருகிறதே, அதேதான்.

இது ஏன் இந்த நிலைக்கு வந்தது? தண்ணீருக்குள் வெடித்தோட்டா போட்டு மீன் பிடித்தது ஒரு காரணம். அணைகள் இன்னொன்று. மழைக்காலத்தில் மகசீர் மேலேறிப் போய்க் கூழாங்கல் படுகைகளில் முட்டையிடும், குறுக்கே சுவர் எழுப்பினால் எங்கே போகும்? மின்நிலையங்களில் திடீரென்று திறந்து திடீரென்று மூடும் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. ஆனால் எனக்கு அதிகம் வலிப்பது வேறொரு காரணம். 1970களில் தொடங்கி, மகசீரைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லியே, மகாராஷ்டிராவின் லோணாவாலா பொரிப்பகத்திலிருந்து நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகளைக் காவிரியில் கொட்டினார்கள். அதுவும் மகசீர்தானே என்று நினைத்தார்கள். அது வேறு இனம். வந்த மீன் பெருகியது, இருந்த மீன் குறைந்தது.

இதைக் கண்டுபிடிக்க உதவியது யார் தெரியுமா? தூண்டில்காரர்கள். கர்நாடகத்தில் காவிரிக்கரை முகாமில் பிடித்து, எடைபோட்டு, திரும்ப விட்ட மீன்களின் கணக்கை 1998 முதல் 2012 வரை எழுதி வைத்திருந்தார்கள். அதைப் புரட்டிய ஆய்வாளர்களுக்கு நீலத்துடுப்பு ஏறுவதும் கூன்முதுகு சரிவதும் வருடவாரியாகத் தெரிந்தது. ஃப்ளை ஃபிஷிங் மேல் நான் வைத்திருக்கும் மரியாதைக்கு இதுவும் ஒரு காரணம். ஆற்றோரம் மணிக்கணக்கில் நிற்பவன் ஒழுங்காக நோட்டு எழுதினால் அது ஆற்றுக்கே சாட்சியாகிவிடுகிறது.

ட்ரவுட்டின் சொந்த ஊரிலும் இதே கதைதான். ராக்கி மலைகளின் மண்ணின் மைந்தன் கட்த்ரோட் ட்ரவுட். தாடைக்குக் கீழே சிவப்புக் கோடு இருக்கும். அந்த ஓடைகளில் சுற்றுலாவுக்காக ரெயின்போவைக் கொண்டுபோய் விட்டார்கள், இரண்டும் கலந்து பல இடங்களில் அசல் மீனே இல்லாமல் போய்விட்டது. கொலராடோவில் இன்னும் கொடுமை. பச்சைமுதுகு கட்த்ரோட் என்ற இனத்தை மீட்கிறோம் என்று பல பத்தாண்டுகள் குஞ்சு வளர்த்து விட்டார்கள். 2012இல் மரபணுவைப் பார்த்தால் விட்டதில் பெரும்பகுதி வேறு இனம். அசல் மீன் பேர் க்ரீக் என்ற ஒரே ஒரு சின்ன ஓடையில்தான் மிஞ்சியிருந்தது. இன்று அங்கே விவரம் தெரிந்த ஃப்ளை ஃபிஷிங்காரர்கள் நாள் முழுக்க நடந்து ஏறி, உள்ளங்கை நீளத்தில் இருக்கும் மண்ணின் மீனைத் தேடிப் போகிறார்கள். எதிர்முள் (மீன் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளும் சின்னக் கூர்) நசுக்கிய தூண்டில், நனைத்த கை, மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்காமலே விடுதல் என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் நூறு வருடத்துக்கும் மேலான தவறிலிருந்து படித்ததை நாம் மறுபடி முதலிலிருந்து செய்து பார்க்க வேண்டுமா?

நம்ம ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. ஜிலேபி மீன் ஆப்பிரிக்காவிலிருந்து 1952இல் இந்தியாவுக்கு வந்தது. அமராவதி அணை கட்டியது 1957. சில வருடங்களிலேயே அணை ஜிலேபிக்குப் பெயர்போனதாகிவிட்டது. எங்க அப்புச்சியிடம் சின்ன வயதில், "ஆத்துல முன்னெல்லாம் என்ன மீனுங்க அப்புச்சி?" என்று கேட்டபோது, "அது வேற மீனுங் கண்ணு, கை அகலத்துக்குச் செதில் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். பெயரைக் கேட்டு வைக்காமல் விட்டேனே என்று இன்றும் நினைப்பேன்.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். நம்ம பக்கத்து ஆறு, ஓடைகளில் யார் மீன் குஞ்சு விட வந்தாலும், அது அரசாக இருந்தாலும் அமைப்பாக இருந்தாலும், எந்த இனம், எந்த ஆற்றுத் தாய்மீனிலிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் விடக்கூடாது என்று சொல்லுங்கள். தோட்டா சத்தம் கேட்டால் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். புலிகள் காப்பகத்துக்குள் தூண்டிலோடு போகாதீர்கள், அங்கே அனுமதி இல்லை. மாயாற்றிலும் சின்னாற்றிலும் மிச்சமிருக்கும் மீனை நிம்மதியாக விட்டாலே போதும். ஃப்ளை ஃபிஷிங் ஆசை இருப்பவர்களுக்கு, அனுமதி கிடைக்கும் குளம் குட்டைகளில் ஜிலேபி வேண்டிய மட்டும் இருக்கிறது. சின்னப் பூச்சி கட்டி வீசினால் அருமையாக வந்து கவ்வும். அதைத் திரும்ப விட வேண்டிய அவசியமும் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வையுங்கள்.

அப்புறம், அமராவதி, பவானி, மாயாறு பக்கத்துக்காரர்கள் வீட்டில் பெரிய மீனோடு எடுத்த பழைய போட்டோ இருந்தால் கமெண்டில் போடுங்கள். முதுகு எங்கே உயர ஆரம்பிக்கிறது, துடுப்பின் நிறம் என்ன என்று யாருக்காவது நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். எந்த வருடம், எந்த ஆறு என்று சொன்னால் போதும். மடுவின் பெயரை மட்டும் தயவுசெய்து போட வேண்டாம்.