செடியின் பேரைக் கேட்டால் கார்டு நம்பரைக் கேட்கிறது

தொட்டியில் தானாக முளைத்த ஒரு செடி என்னவென்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். படத்தைப் பார்த்துச் செடியின் பேரைச் சொல்லும் செயலியைத் திறந்து படம் எடுத்தால், பதிலுக்கு முன்னால் சந்தாத் திரை வந்து நிற்கிறது. ‘7 நாள் இலவசம்’ என்பது கொட்டை எழுத்தில். அப்புறம் ஆண்டுக் கட்டணம் பிடிப்போம் என்பது பொடி எழுத்தில். மூடுவதற்கான பெருக்கல் குறியோ மூலையில் வெளிர்சாம்பல் நிறத்தில், கண்ணில் படாதபடி.

சரி, அதை மூடிவிட்டுப் பார்த்தால் ஒரே ஒரு பெயரை அடித்துச் சொல்கிறது. இதுதான் எனக்கு ஆத்திரம். காட்டுக் கேரட்டும் கொடிய நஞ்சுள்ள ஹெம்லாக் செடியும் இலையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். காட்டுக் கேரட்டின் தண்டில் ரோமம் இருக்கும். ஹெம்லாக்கின் தண்டு வழுவழுப்பாக, ஊதாத் திட்டுகளோடு இருக்கும். மேலிருந்து எடுத்த இலைப் படத்தில் தண்டு எங்கே தெரியும்? ‘தண்டையும் காட்டு’ என்று கேட்க வேண்டாமா? பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய பிளான்ட்நெட் செயலி இலவசம்தான். இலையா, பூவா, காயா, பட்டையா என்று கேட்டு, பொருந்தக்கூடிய பல பெயர்களை விழுக்காட்டோடு வரிசையாகத் தருகிறது. காசு வாங்குகிறவர்களுக்கு மட்டும் அது ஏன் முடியவில்லை?

தோட்டத் திட்டமிடும் செயலிகள் இன்னொரு ரகம். எடுத்த எடுப்பில், குளிர்காலம் முடியும்போது கடைசியாக உறைபனி விழும் தேதியைக் கேட்கின்றன. உறைபனியே விழாத ஊர்க்காரர் அங்கே என்னத்தைப் போடுவது? அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடுவதும் இல்லை. மழைக்காலம் எப்போது என்று ஒரு கேள்வியாவது இருக்கிறதா? கிடையாது.