சாம்பார்ல கலந்து குடுக்கற மாத்திரை பத்தி

தம்பியோட குடிய எப்படி நிறுத்தறதுன்னு கேட்டதுக்கு மேல ஒருத்தர் "தம்பிக்கு தெரியாம சாம்பார்ல மாத்திரைய பொடிச்சு கலந்துடுங்க, ஒரே வாரத்துல குடிய விட்ருவான், சைடு எஃபெக்ட்டே இல்ல"ன்னு போட்ருக்காரு, தயவுசெஞ்சு யாரும் செஞ்சிடாதீங்க. அவர் சொல்றது டைசல்ஃபிராம். அது குடி ஆசைய குறைக்கற மருந்தே இல்ல, சாராயம் உடம்புல உடையற வழிய பாதியிலயே அடைச்சிடும், அசிட்டால்டிஹைடுங்கற நச்சுப்பொருள் தேங்கும். மாத்திரை உள்ள இருக்கறது தெரியாம பையன் ஒரு குவார்ட்டர் போட்டான்னா மூஞ்சி செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, வாந்தி எடுத்து, பிரஷர் டமால்னு இறங்கும், சில பேருக்கு உயிரே போயிருக்கு. மாத்திரைய நிறுத்தி ரெண்டு வாரம் வரைக்கும் கூட இந்த ரியாக்‌ஷன் வரலாம். அதனாலதான் டாக்டருங்க பேஷண்ட்கிட்ட சொல்லி, அவர் சம்மதத்தோட மட்டும் குடுப்பாங்க.

இன்னொருத்தர் "ரூம்ல பூட்டி வைங்க"ங்கறாரு, அது இதவிட மோசம். தினமும் நெறைய குடிச்சவன் திடீர்னு நிறுத்துனா ரெண்டு நாளுக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், மூணாவது நாள் வாக்குல கை நடுங்கி இல்லாத ஆளெல்லாம் தெரியுதும்பான். அதுக்கு ஆஸ்பத்திரில மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போட்டு பாத்துக்குவாங்க, அப்புறம் ஆசைய குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட்னு தனியா இருக்கு, கூடவே கவுன்சிலிங். இருபத்து சொச்சம் வயசு பையன்னா பின்னாடி டிப்ரஷன் இருக்கான்னும் பாக்கணும், அதையும் சேத்து ட்ரீட் பண்ணணும்.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மனநல ஓ.பி.க்கு கூட்டிட்டு போங்க. அவன் வரமாட்டேன்னா முதல்ல நீங்களே 14416க்கு போன் போட்டு பேசுங்க, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண், ஃப்ரீ, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம்.