கூட்டம் முடிந்த பிறகுதான் தெரிகிறது

ஆண்டுக்கு 6 கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சரி, எத்தனை மணிக்கு, எங்கே? எங்கள் புறநகர் ஊராட்சியில் அது மட்டும் கடைசி வரை தெரியாது. இந்த முறை பள்ளி வளாகத்துக்கு ஓடினால் ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேசையில் கையெழுத்து நோட்டு. "வந்ததுக்கு ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க" என்கிறார்கள். எதற்கு? வாசித்தே காட்டாத தீர்மானத்துக்கா? கோயில் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்கிறார்கள். காதுகுத்துக்குக்கூட முச்சந்தியில் பேனர் நிற்கிறது. எங்கள் வீட்டு வரி எங்கே போகிறது என்று கேட்கும் கூட்டத்துக்கு மட்டும், அலுவலகக் கதவுக்குப் பின்னால் ஒரு தாள். நாலு மாதமாக எரியாத தெருவிளக்கைப் பற்றி இனி நான் யாரிடம் கேட்பது?