உதவி போனுக்குள்ளேயே இருக்க வேண்டும்

இரண்டு வாரத்துக்கு முன்னால் அம்மாவின் போன் திடீரெனப் பேச ஆரம்பித்துவிட்டது. எதைத் தொட்டாலும் அதன் பெயரை வாசிக்கிறது, ஆனால் திறக்கவில்லை. விரலால் தள்ளினால் திரை நகரவில்லை. போன் கெட்டுவிட்டது என்று நினைத்து, அணைக்கவும் தெரியாமல், ஒரு நாள் முழுக்க அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார்.

எதுவும் கெடவில்லை. பார்வையற்றவர்களுக்கான திரைவாசிப்பான் தவறுதலாக இயங்கிவிட்டது, அவ்வளவுதான். அது ஓடும்போது ஒருமுறை தொட்டால் வாசிக்கும். அடுத்தடுத்து இருமுறை தட்டினால்தான் திறக்கும். இரண்டு விரல் வைத்துத் தள்ளினால்தான் நகரும். பல ஆண்ட்ராய்டு போன்களில் வால்யூம் பட்டன் இரண்டையும் சேர்த்துச் சில நொடிகள் பிடித்தால் நின்றுவிடும். இந்த நான்கு வரியை அம்மா படிக்க அந்த போனில் ஓர் இடம் இல்லை.

நெட்டில் தேடியிருக்கலாமே என்றார் ஒரு நண்பர். எந்த போனில் தேடுவது? திறக்க முடியாத அதே போனிலா? நெட் வரவில்லை, டேட்டா வேலை செய்யவில்லை, வைஃபை இணையவில்லை என்ற நிலையில்தான் மனிதருக்கு உதவி அதிகம் தேவைப்படுகிறது. அப்போது "எங்கள் இணையதளத்தைப் பாருங்கள்" என்பது பதிலே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன்: ஆண்ட்ராய்டு, ஐபோனின் ஐஓஎஸ் என ஒவ்வொரு மொபைல் இயங்குதளத்தோடும் ஓர் உதவிச் செயலி கூடவே வர வேண்டும். நெட் இல்லாமல் திறக்க வேண்டும். பூட்டுத்திரையிலிருந்தே எட்ட வேண்டும்.

இது புதிய யோசனை இல்லை. யூனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் முதல் கையேடு 1971-இல் வந்தது. அந்த வழியில் வந்த கணினிகளில் இன்றும் 'மேன்' (man) என்று தட்டி ஒரு கட்டளையின் பெயரைச் சேர்த்தால் அதற்கான விளக்கம் கணினிக்குள்ளிருந்தே வரும். நோக்கியாவின் பழைய எஸ்60 வகை ஸ்மார்ட்போன்களில் ஒரு செயலிக்குள் இருந்துகொண்டு ஆப்ஷன்ஸ் போய் ஹெல்ப்பைத் தேர்ந்தெடுத்தால், அந்தச் செயலிக்கான உதவியே திறக்கும். இன்றைய போனோடு ஒப்பிட்டால் நினைவகம் எவ்வளவோ குறைவான போன்கள் அவை.

இடத்தை அடைக்கும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். எழுத்துகளைச் சேமிக்கப் பரவலாகப் பயன்படும் யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். பக்கத்துக்கு 2,000 குறியீடு என்று 300 பக்கம் எழுதினாலும் மொத்தம் 18 லட்சம் பைட், அதாவது 2 எம்பிகூட இல்லை. நாம் எடுக்கும் ஒரு போட்டோவே பல நேரம் அதைவிடப் பெரிது.

சரி, ஆப்பிள் 2014-இல் ஐஓஎஸ் 8-உடன் டிப்ஸ் என்ற செயலியைக் கொடுத்தது, பின்னாளில் முழுக் கையேட்டையும் அதற்குள் கொண்டுவந்தது. நல்ல வேலை. ஆனால் பொதுவாக இந்த வகைச் செயலிகள் புதிய கேமரா வசதியைக் காட்டுவதில் உள்ள ஆர்வத்தை, "போனை எப்படி அணைப்பது" என்பதில் காட்டுவதில்லை. அந்தக் கேள்வியை யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். 2017-இல் வந்த ஐபோன் எக்ஸ் முதல், ஹோம் பட்டன் இல்லாத ஐபோன்களில் பக்கவாட்டுப் பட்டனோடு வால்யூம் பட்டனையும் சேர்த்துப் பிடித்தால்தான் அணைக்கும் திரை வரும். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் உதவியாளர் வந்து நிற்கிறது. பத்து வருடமாகப் பழகிய கை எப்படிக் கண்டுபிடிக்கும்?

வெளியே தேடினால் இன்னொரு தொல்லை. கிடைக்கும் விளக்கம் பழைய பதிப்புக்கானது. அதில் சொல்லும் மெனு நம் போனில் வேறெங்கோ போயிருக்கும், பெயரும் மாறியிருக்கும். இயங்குதளத்தோடு சேர்ந்து வரும் உதவி, அதனோடு சேர்ந்தே அப்டேட் ஆகும். திரையில் ஒரு மெனுவின் பெயர் 'அணுகல்தன்மை' என்று இருந்தால் உதவியிலும் அதே சொல்தான் இருக்க வேண்டும். திரை ஆங்கிலத்திலும் உதவி தமிழிலும் வேண்டும் என்பவருக்கு மெனுவின் பெயரை ஆங்கிலத்தில் இருப்பதுபோலவே காட்ட வேண்டும். நம்மில் நிறையப் பேர் அப்படித்தான் போன் வைத்திருக்கிறோம்.

கேட்காத செயலிகளைத் திணிப்பதை நானும் எதிர்க்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம், முன்பே நிறுவப்பட்ட செயலிகளை நீக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. அது சரியான சட்டம். உதவிச் செயலியையும் வேண்டாதவர் நீக்கட்டும். போனை ரீசெட் செய்து இன்னொருவர் கையில் கொடுக்கும்போது அது திரும்ப வந்துவிட வேண்டும், அது போதும்.

அப்புறம், அவசர உதவி. ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில் பவர் பட்டனை வேகமாக ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு தொடங்கும். உங்கள் வீட்டில் எத்தனை பேருக்கு இது தெரியும்? விழுந்து கிடக்கும்போது இதைத் தேடிப் படிக்க முடியாது. புது போனை முதன்முதலாக இயக்கும் அன்றைக்கே, கணக்கு உருவாக்கச் சொல்லிக் கேட்பதற்கு முன்னால், உதவிச் செயலி இதை ஒருமுறை செய்துகாட்ட வேண்டும்.