தடிப்பு அடங்கியது, பேஷண்ட்?

கேஸ் ஷீட்டில் நாங்கள் நர்ஸுகள் யோசிக்காமல் எழுதும் வரி, 'பேஷண்ட் பரவாயில்லை'. நானும் எழுதியிருக்கிறேன், ஒரு முறை நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில் கதண்டு என்னும் விஷக் குளவி கடித்து ஓர் அம்மாவைத் தூக்கிவந்தார்கள். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு இழுப்பு, பி.பி. 70. உயிருக்கே ஆபத்தான அலர்ஜி, அனாபிலாக்சிஸ். தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின் அரை மி.லி. போட்டோம். பி.பி. 100-க்கு வந்தது. அப்புறம் அலர்ஜி அரிப்புக்குப் போடும் ஏவில், ஸ்டீராய்டு. அரை மணியில் தோல் பளிச்சென்று ஆகிவிட்டது. "அரிப்பு விட்டுப்போச்சு நர்ஸம்மா" என்று சிரித்தார். நானும் அந்த வரியை எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அவர் பாத்ரூம் போக எழுந்தார், நாலடி வைத்ததும் சரிந்தார். படுக்கவைத்துக் காலை உயர்த்தி, இரண்டாவது அட்ரினலின் ஊசி போட்டுத்தான் மீட்டோம்.

அரிப்பு அடங்கியதில் ஏவிலுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஏவில் மூச்சுக்குழாயைத் திறக்காது, பி.பி.யை ஏற்றாது. நான் தோலைப் பார்த்துவிட்டு ரத்த ஓட்டத்துக்கு நற்சான்று கொடுத்திருக்கிறேன்!

இழுப்புச் சத்தம் நிற்பதையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஸ்டெத் வைத்தால் காற்று போகும் சத்தமே கேட்கவில்லை என்றால் நிலைமை மோசமாகியிருக்கிறது. மறுபக்கம், அட்ரினலின் ஊசிக்குப் பின் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். உறவினர்கள் 'ஊசி ஒத்துக்கல' என்று சண்டைக்கு வருவார்கள். பெரும்பாலும் அது மருந்தின் வேலைதான், கொஞ்ச நேரத்தில் அடங்கும். 5 நிமிடத்தில் மூச்சும் பி.பி.யும் தேறவில்லை என்றால்தான் கவலை. உடனே டாக்டரைக் கூப்பிட்டு அடுத்த டோஸ் கேட்க வேண்டும், தயங்கக் கூடாது.

தேறியவருக்கும் சில மணி நேரம் கழித்து எல்லாம் திரும்ப வரலாம். அது பெரும்பாலும் ஷிப்ட் மாறிய பிறகாக இருக்கும். ஒரே ஆள் முப்பது கட்டில் பார்க்கும் வார்டில் 'பரவாயில்லை' என்ற குறிப்பு அடுத்து வருபவருக்கு என்ன சொல்லும்? எத்தனை மணிக்கு ஊசி, அதற்குப் பின் பி.பி. எவ்வளவு, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, குரல் கரகரக்கிறதா, இவ்வளவும் இருந்தால்தான் அது குறிப்பு.

இப்போதெல்லாம் பி.பி. கட்டும்போதே "காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்பேன். மூச்சு வாங்காமல் இட்லி, சட்னி, அதில் உப்பு கம்மி என்பது வரை சொல்லிமுடித்தால், அதையும் மணி போட்டு எழுதிவிடுகிறேன்.