ஆன் செக்ஸ்டனின் ஒலிநாடாக்கள்

அமெரிக்கக் கவிஞர் ஆன் செக்ஸ்டனைப் பற்றி யார் எழுதினாலும் 1974 அக்டோபரில் நடந்த தற்கொலையில்தான் தொடங்குகிறார்கள். முடிவைத் தெரிந்துகொண்டு கவிதைக்குள் போனால் எந்த வரியும் நோயின் அறிகுறியாகத்தான் தெரியும். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

28 வயதில், இரண்டு சின்னக் குழந்தைகளின் தாயாக, மனநல மருத்துவமனைக்குப் போய்வந்தவர் அவர். எழுதிப் பாருங்கள் என்று சொன்னவர் அவருடைய மனநல மருத்துவர் மார்ட்டின் ஓர்ன். கல்லூரிப் பட்டம் கிடையாது. 1957இல் பாஸ்டனில் ஜான் ஹோம்ஸின் கவிதைப் பட்டறை, அப்புறம் கவிஞர் சில்வியா பிளாத்தோடு சேர்ந்து கவிஞர் ராபர்ட் லோவலின் வகுப்பு. 1967இல் புலிட்சர் பரிசு.

இதெல்லாம் புலம்பிக் கொட்டியதால் வந்ததில்லை. கவிஞரும் தோழியுமான மாக்சின் குமினோடு பேசவே வீட்டில் தனித் தொலைபேசி இணைப்பு வைத்திருந்தார். மணிக்கணக்கில் அதில் வரிகளை வாசித்துக் காட்டித் திருத்துவார்கள். கைக்குழந்தையை மாமியார் வீட்டில் விட்டுப் பிரிந்திருந்த காலத்தைச் சொல்லும் 'இரட்டைப் பிம்பம்' கவிதையைப் பாருங்கள்: அவ்வளவு வலியும் கறாரான எதுகைக்குள் அடங்கி நிற்கிறது. மனநல மருத்துவமனைக் கவிதைகளை வெளியிட வேண்டாம் என்று ஹோம்ஸ் கேட்டுக்கொண்டபோதும் செக்ஸ்டன் அவருக்குத் தந்த பதில் இன்னொரு கவிதைதான்.

அதனால்தான் அந்த ஒலிநாடா விவகாரத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சிகிச்சையில் பேசியது செக்ஸ்டனுக்கு மறந்துபோய்விடும். திரும்பக் கேட்டு நினைவில் நிறுத்திக்கொள்ளட்டும் என்று ஓர்ன் பதிவு செய்தார். செக்ஸ்டன் இறந்த பிறகு, 300 மணி நேரத்துக்கும் மேலான அந்தப் பதிவுகள் ஓர்னிடமிருந்து, செக்ஸ்டனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய டயேன் மிடில்புரூக்கிடம் போயின. 1991இல் வாழ்க்கை வரலாறாகப் புத்தகம் வந்தது. 'எல்லாவற்றையும் எழுதியவர்தானே, இதில் மறைக்க என்ன இருக்கிறது?' என்கிறார்கள். எழுதியது அவரே பொறுக்கி எடுத்து, அடித்துத் திருத்தி வெளியிட்டது. நாடாவில் இருப்பது ஒரு நோயாளி தன் மருத்துவரிடம் பேசியது. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

மகள் லிண்டா சம்மதம் கொடுத்தாரே என்று கேட்பீர்கள். கொடுத்தார். அம்மா தன்னிடம் பாலியல் ரீதியாக அத்துமீறியதை 1994இல் தன் நூலிலும் எழுதினார். அதைப் படித்தபோது செக்ஸ்டன் மேல் எனக்கிருந்த பரிவு ஆட்டம் கண்டது. அது லிண்டாவின் வாழ்க்கை. சொல்ல அவருக்கு முழு உரிமை இருக்கிறது, யாரும் வாயை அடைக்க முடியாது. ஆனால் மருத்துவர் அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. குடும்பமே சம்மதித்தாலும், முடியாது என்று சொல்லியிருக்க வேண்டியவர் அவர்தான்.