இத்தனை வருஷகாலமாய்

அதிகாலை நாலரைக்கு அலாரம் அடிக்கும். கண்ணைத் திறக்குமுன்பே மனசுக்குள் பட்டியல் ஓட ஆரம்பித்துவிடும். அத்தையைத் திருப்பிப் படுக்க வைக்கணும், டயப்பர் மாத்தணும், குழாயில தண்ணி வருதான்னு பார்க்கணும், மாவை எடுத்து வெளியே வைக்கணும், பையனை எழுப்பணும், ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிக்கணும். எல்லாமே 'ணும்'. இதில் ஜெபத்துக்கும் ஓரிடம் இருந்தது. ஜெபம் பண்ணணும், வேதம் வாசிக்கணும். மாவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஆண்டவரையும் ஒரு வேலையாகத்தான் வைத்திருந்தேன்.

அத்தை என்றால் என் கணவரின் அம்மா. மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. படுத்தே இருப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வந்துவிடும். கஞ்சியைப் படுத்தபடி கொடுக்கக் கூடாது, புரையேறும். தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்து, ஒரு ஸ்பூன் உள்ளே இறங்கிவிட்டதா என்று தொண்டையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஸ்பூன். அரை டம்ளர் கஞ்சிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். பகலில் ஒரு அக்கா வந்து பார்த்துக்கொள்கிறார். இரவும் காலையும் நான். கணவர் மருந்து வாங்குவார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார், தூக்க வேண்டிய நேரத்தில் தூக்குவார். சுத்தம் செய்கிற வேலை மட்டும் யாரும் சொல்லாமலே என்னுடையதாகிவிட்டது.

முகம் சுளிக்காமல்தான் செய்தேன். சபையில் சிலர் என்னை ரூத் என்பார்கள், வேதத்தில் மாமியாரை விட்டுப் பிரியாத அந்த மருமகளைச் சொல்லி. கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் உள்ளுக்குள் ஒரு நோட்டு வைத்திருந்தேன். எத்தனை ராத்திரி நான் எழுந்தேன், யார் வந்து பார்த்தார்கள், யார் போனோடு நிறுத்திக்கொண்டார்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. அந்த நோட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. அது போன வருஷம் கிறிஸ்துமஸுக்குத்தான் திறந்தது.

என் நாத்தனார் பெங்களூருவில் இருக்கிறாள். வருடத்துக்கு இரண்டு தடவை வருவாள். அந்த முறை மூன்று நாள் லீவில் கேக்கும் அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டரும் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, "எம்மா, என்னைத் தெரியுதா?" என்று கேட்டதும் அத்தை சிரித்தார்கள். வாய் ஒரு பக்கம் கோணினாலும் முகம் முழுக்கச் சிரிப்பு. இடது கையால் மகளின் கன்னத்தைத் தடவித் தடவி அழுதார்கள். என் கணவர் விடியுமுன்பே போய் ஒன்றரைக் கிலோ ஆட்டுக்கறி எடுத்து வந்திருந்தார், தங்கச்சிக்குப் பிடிக்குமே என்று. நான் அடுப்படியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அந்தச் சிரிப்பை அத்தை என்னிடம் ஒரு நாளும் சிரித்ததில்லை.

அவள் ஊருக்குப் போன அன்று ராத்திரி கணவரிடம் கேட்டேன். "மூணு வருஷமா ராத்திரி பகல்னு பார்க்காம செய்யுதேன். ஒரு நாளாவது எனக்காகன்னு இந்த வீட்டுல எதாவது நடந்திருக்கா?" அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் பதில் தேவைப்படவில்லை. கேட்க வேண்டும் என்று இருந்தது, கேட்டேன், அவ்வளவுதான்.

அடுத்து வந்த லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில், ஒரு ஞாயிறு ஆராதனையில் பாடம் வாசிக்கிற முறை எனக்கு வந்தது. லூக்கா பதினைந்தாம் அதிகாரம். இயேசு சொன்ன, சண்டே ஸ்கூல் நாளிலிருந்து எனக்கு மனப்பாடமான கதை. எங்களுக்கெல்லாம் அது, அப்பாவிடம் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய்த் தூர தேசத்தில் அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய குமாரனின் கதை. தவிடு, பன்றிகள், கிழிந்த உடுப்பு, ஓடிவரும் தகப்பன், மோதிரம். மூத்தவன் கதையின் கடைசியில், தம்பிக்கு விருந்தா என்று கோபித்துக்கொண்டு வாசலில் நிற்பவன், அதோடு சரி. நாடகம் போட்டால்கூட அந்த வேஷத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.

மூத்த குமாரன் வயலில் இருந்தான், வீட்டுக்குக் கிட்ட வரும்போது உள்ளே பாட்டும் கொண்டாட்டமும் கேட்டான் என்ற வசனம் வந்ததும் எனக்கு என் அடுப்படி ஞாபகம் வந்தது. சமாளித்து வாசித்துக்கொண்டே போனேன். இருபத்தொன்பதாம் வசனம். "இதோ, இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து..." குரல் நின்றுவிட்டது. நான் கேட்ட அதே வாக்கியம். அவன் ஒரு ஆட்டுக்குட்டி கூடக் கொடுக்கவில்லையே என்று குறைப்பட்டான். எங்கள் வீட்டில் ஆட்டுக்கறியை நானே சமைத்திருந்தேன், அதுதான் வித்தியாசம். தண்ணீர் குடித்துவிட்டு மீதியை வாசித்து முடித்தேன்.

வீட்டுக்கு வந்து அந்த வசனத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊழியம் என்பது எங்கள் சபைகளில் எவ்வளவு மரியாதையான சொல்! ஊழியக்காரர், ஊழியத்துக்கு அர்ப்பணித்தவர் என்போம். அதே சொல் அங்கே கசந்துபோன ஒருவன் வாயில் இருக்கிறது. கிரேக்க மூலத்தில் அது அடிமையைப் போல உழைப்பதைக் குறிக்கிற சொல். சொந்த அப்பாவின் வீட்டில், தனக்கே சேரவேண்டிய நிலத்தில், அவன் இத்தனை வருடமும் அடிமையாக வேலை பார்த்திருக்கிறான். அப்பா அப்படி வைத்திருக்கவில்லை. அவனாக அப்படி இருந்திருக்கிறான்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. இளையவன் புறப்படும்போது தனக்குள் ஒரு பேச்சைத் தயார்செய்கிறான். உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும் என்று அது முடிகிறது. ஆனால் அப்பாவுக்கு முன் நின்று பேசும்போது அந்தக் கடைசி வரி வரவில்லை. அதற்குள் அப்பா உடுப்பையும் மோதிரத்தையும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். அண்ணன் தம்பி இரண்டு பேருமே கூலிக் கணக்கில்தான் யோசித்திருக்கிறார்கள். தனக்குக் கூலி பாக்கி என்று ஒருவன், இனிமேல் கூலிக்கு வந்தால் போதும் என்று ஒருவன். இரண்டு பேருக்காகவும் அப்பா வெளியே வருகிறார். சின்னவனைக் கண்டு ஓடுகிறார். பெரியவனை 'வருந்தியழைத்தான்' என்கிறது நம் தமிழ் வேதம். கோபித்து நிற்கிற பிள்ளையை ஒரு அப்பா கெஞ்சிக் கூப்பிடுகிறார். "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது." இதைப் படித்துவிட்டுத்தான் நான் அழுதேன்.

கிருபை, அதாவது நம் தகுதியைப் பாராமல் ஆண்டவர் தருகிற தயவு, என்ற சொல்லை நாற்பது வருடமாகச் சொல்லியிருக்கிறேன். கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள் என்கிற எபேசியர் இரண்டு எட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். அதன் பொருளை எனக்குக் காட்டியது அத்தைதான்.

அத்தை அந்தக் காலத்தில் எப்படிப்பட்டவர்கள் தெரியுமா! உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து ஆலயத்துக்கென்று தனிப் பானையில் போடுவார்கள். அந்தப் பிடியரிசி ஒரு நாளும் தவறினதில்லை. ஆலயத்தில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசன விருந்து என்றால் முதல் நாளே தேங்காய் துருவப் போய்விடுவார்கள். யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் பேறுகாலம் என்றாலும் அத்தை அங்கே நிற்பார்கள். இப்போது அவர்களால் ஒன்றும் முடியாது. ஒரு பிடி அரிசி அள்ள முடியாது. ஆலயத்துக்கு வர முடியாது. ஒரு ஜெபத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாது. அப்படியென்றால் ஆண்டவர் அவர்களை முன்னைவிடக் குறைவாக நேசிக்கிறாரா? இந்தக் கேள்வி ஒரு ராத்திரி, அவர்களுக்கு முதுகில் பவுடர் போட்டுக்கொண்டிருக்கும்போது வந்தது. இல்லை என்று உடனே தெரிந்தது. ஒரு குன்றிமணி அளவுகூடக் குறையவில்லை. அப்படியானால் அன்றைக்குப் பிடியரிசி போட்டதால் அந்த அன்பு கூடியிருக்கவும் முடியாது. எனக்கும் அதே கணக்குத்தான். நான் எத்தனை ராத்திரி எழுந்தாலும் அது கூடாது, எழ முடியாமல் தூங்கிப்போனாலும் குறையாது.

அப்போதுதான் நோட்டு கீழே விழுந்தது. வேலை அப்படியேதான் இருக்கிறது. நாலரை அலாரமும் மாறவில்லை. ஆனால் இது எதையும் யாருக்கும் நிரூபிக்கிற வேலை இல்லை என்றானபின் பாதி பாரம் இறங்கிவிட்டது. உடம்பு அசதி மிச்சம் இருக்கிறது, அது தூங்கினால் போகும். என்னை அரித்தது அந்தக் கணக்குத்தான்.

'வேண்டும்' என்ற நம் சொல்லையும் இப்போது வேறு மாதிரி கேட்கிறேன். செய்ய வேண்டும் என்றால் கடமை. எனக்கு வேண்டும் என்றால் ஆசை. வேண்டுதல் என்றால் ஜெபம். மூன்றும் ஒரே வேர். நாம் 'செய்யணும்' என்று சலித்துக்கொள்கிற சொல்லுக்குள்ளேயே விருப்பமும் இருக்கிறது, மன்றாட்டும் இருக்கிறது. அத்தைக்குப் பக்கம் மாற்றணும் என்று எழும்போது, ஆண்டவரே இவர்கள் முதுகில் புண் வராமல் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மாற்றுகிறேன். என் ஜெப நேரம் இப்போது பெரும்பாலும் அதுதான்.

சரி, ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு ஆபத்தானது. எல்லாம் பாக்கியம், எல்லாம் சிலாக்கியம் என்ற பேச்சைப் பெண்கள் கூட்டங்களில்தான் அதிகம் கேட்கிறோம். ஆண்கள் கூட்டத்தில் பாத்திரம் கழுவுவது பாக்கியம் என்று யாரும் செய்தி கொடுத்து நான் கேட்டதில்லை. கிருபையைச் சொல்லி ஒருத்தி தலையில் இன்னும் இரண்டு குடம் ஏற்றுவது எனக்குச் சம்மதம் இல்லை. சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1522இல் திருமண வாழ்க்கையைப் பற்றி எழுதியபோது, ஒரு தகப்பன் விசுவாசத்தோடு குழந்தையின் அழுக்குத் துணியைத் துவைத்தால் ஊர் சிரிக்கும், ஆனால் தேவனும் அவருடைய தூதர்களும் மகிழ்ந்து புன்னகைப்பார்கள் என்கிற பொருளில் எழுதினார். ஐந்நூறு வருடம் ஆகிவிட்டது. இதை என் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அந்த வாரத்திலிருந்து ராத்திரி பதினொரு மணி டயப்பரை அவர் மாற்றுகிறார். முதல் நாள் கை நடுங்கியது, அம்மா என்ற கூச்சம். இப்போது என்னைவிட நன்றாகச் செய்கிறார்.

களைப்பு விசுவாசக் குறைவும் இல்லை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் விழுந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது ஆண்டவர் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்க விட்டார். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் வைத்தார். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கவும் விட்டார். வீட்டில் நோயாளியைப் பார்க்கிற யாராவது இதைப் படித்தால் உங்களுக்குச் சொல்கிறேன்: உதவி கேளுங்கள். கேட்பது வெட்கம் இல்லை.

டோனாவூர் எங்கள் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியாவுக்கு வந்தவர். மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொன்னவர், 1901க்குப் பிறகு அடைக்கலம் தேடி வந்த சிறுமிகளையும் கைக்குழந்தைகளையும் வளர்ப்பதற்காக டோனாவூரிலேயே தங்கிவிட்டார். ஊழியத்தை விட்டுவிட்டுப் பிள்ளை வளர்க்கிறாரே என்று அந்தக் காலத்தில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்! எனக்கு அதைவிட அவருடைய கடைசிக் காலம்தான் பெரிதாகத் தெரிகிறது. 1931இல் கீழே விழுந்து அடிபட்டபின், 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் தன் அறையிலேயே இருந்தார். ஊட்டி வளர்த்தவர் பிறர் கையால் பராமரிக்கப்பட்டார். கொடுக்கிற வரை நமக்குச் சுலபம். வாங்கிக்கொண்டு படுத்திருக்கத்தான் அதிக விசுவாசம் வேண்டும் என்று அத்தை முகத்தைப் பார்க்கும்போது நினைக்கிறேன்.

மார்த்தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பற்பல வேலைகளில் வருத்தப்பட்டு, இயேசுவின் பாதத்தில் உட்கார்ந்துவிட்ட தங்கச்சி மரியாளைப் பற்றி அவரிடமே புகார் சொன்னவள் என்றே அவளை நிறுத்திவிடுகிறோம். யோவான் சுவிசேஷம் பன்னிரண்டாம் அதிகாரத்தில், பஸ்கா பண்டிகைக்கு ஆறு நாள் முன்பு பெத்தானியாவில் நடந்த இராவிருந்தில் அவள் மறுபடி வருகிறாள். "மார்த்தாள் பணிவிடை செய்தாள்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. மரியாள் அன்றும் அவர் பாதத்தில்தான் இருக்கிறாள், விலையேறப்பெற்ற தைலத்தோடு. மார்த்தாள் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவள் அடுப்பை விட்டுவிடவில்லை, இயேசுவும் விடச் சொல்லவில்லை. அதே பெண், அதே வேலை.

இன்னொரு விஷயம். அத்தைக்குத் தண்ணீர் என்ற சொல் வராது. பிள்ளைகள் பெயர் வராது. ஆனால் குடும்ப ஜெபத்தில் பழைய கீர்த்தனை பாடினால் கூடவே பாடுகிறார்கள், சொல் சொல்லாக. பேச்சு போனவர்களில் சிலருக்குப் பாட்டு மட்டும் தங்கும் என்று பிசியோதெரபி செய்ய வந்த தம்பி சொன்னார். முன்பு நான் இரண்டு நிமிடத்தில் ஜெபத்தை முடித்துவிட்டு ஓடுவேன். இப்போது ஒரு பாட்டையாவது எல்லாச் சரணத்தோடும் பாடுகிறோம். பஸ் இரண்டு தடவை போய்விட்டது. அலுவலகத்தில் அனுமதி எழுதிக் கொடுத்தேன்.

நாத்தனார் போன வாரம் போன் செய்தாள். "மைனி, மே மாசம் வரட்டுமா?" என்றாள். பத்து நாள் இருக்கிற மாதிரி வா, ராத்திரி நீ பார்த்துக்கோ, நான் சொல்லித் தாரேன் என்றேன். இதை நான் மூன்று வருடத்துக்கு முன்பே கேட்டிருக்கலாம். அவள் போனிலேயே அழுதுவிட்டாள். "என்னை ஒண்ணும் செய்ய விடமாட்டீங்களோன்னு பயந்துட்டே இருந்தேன் மைனி" என்றாள். நோட்டில் அவள் பக்கத்தை நான் எவ்வளவு தப்பாக எழுதி வைத்திருந்தேன் என்று அப்போது தெரிந்தது.

மணி ஐந்து ஆகப்போகிறது. அத்தை விழித்துவிட்டார்கள், இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டுகிறார்கள். பக்கம் மாற்ற வேண்டும். போய்வருகிறேன்.